சமநேரப் புள்ளி

சாண்டியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீட்டர்.
போகப் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம்,
வரப் பத்து ஐம்பது.
போற வழியும் வர்ற வழியும் வேற வேறயா என்று
ஏழு வயதில் ராயேன் கேட்டாள்.
வழி ஒன்றுதான்டி,
காற்றுதான் ஓரவஞ்சனை.

என் வேலை தரையில்.
மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை,
நான்கு திரை, ஒரு காப்பி இயந்திரம்,
அது மக்கர் செய்தால் ஒஸ்வால்தோவின் பிளாஸ்க்.
எரிபொருள் எத்தனை டன், எந்த உயரம்,
மேல்காற்று இன்றைக்கு எங்கே ஓடுகிறது,
பார்த்து வழி போட்டுக் கையெழுத்திடுகிறவள்.
நான் பறந்தது ஒரே முறை, கான்செப்சியோன் வரை.
காது அடைத்துக்கொண்டது.

நெல்சன் ஒயார்சூன் அந்தக் கரையில்,
ஹாமில்டனுக்கு வெளியே எண்ணூறு பசுக்களைக்
குழாய் மாட்டிக் கறக்கிறான்.
கோடை விடுமுறை தகப்பனுக்கு
மற்றதெல்லாம் தாய்க்கு என்றார் நீதிபதி அம்மாள்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வரைபடம்.
அதில் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே
ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம்.
உருண்டையில் அது வில்லாக வளைந்து
பனிப்பாறை மிதக்கிற பக்கமாக இறங்கி ஏறும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜனவரி, வெள்ளி, இரவு பதினொன்று ஐம்பது.
கழுத்தில் அட்டை தொங்க
பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்,
திரும்பிப் பார்க்கவில்லை.
மேலே ஓடி வந்து இருக்கையில் உட்கார்ந்தேன்.
சுமைப் பட்டியலில் குழந்தை என்றால் முப்பத்தைந்து கிலோ,
யார் பெற்றதானாலும்.
இவள் இருபத்தாறு.
மீதி ஒன்பதை நான் திருத்தவில்லை.
எதையாவது சுமந்துதானே போகிறாள்.

பாதிக் கிணறு தாண்டுவதற்கும்
எங்கள் தொழிலில் கணக்கு உண்டு.
திரும்பினாலும் தொடர்ந்தாலும்
ஒரே நேரம் ஆகிற புள்ளி ஒன்று, நடுக்கடலில்.
சரிபாதியில் இருக்கும் என்று நினைப்பீர்கள்.
இருக்காது.
எதிர்க்காற்று அதை அந்தக் கரைப்பக்கம் தள்ளிவிடும்,
அன்றைக்கு நானூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர்.
அதாவது
தூரத்தில் அவள் அப்பனுக்குப் பக்கமான பிறகும்
முப்பத்தாறு நிமிடம்
நேரத்தில் எனக்குத்தான் பக்கம்.

எந்தத் தீர்ப்பிலும் எழுதாத அந்த முப்பத்தாறையும்
எழுந்திருக்காமல் பார்த்தேன்.
ஒஸ்வால்தோ ரொட்டி நீட்டினான்,
கையாலேயே வேண்டாம் என்றேன்.
பச்சைக் குறி ஊர்ந்தது.
காற்று என் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.
பிறகு
குறி புள்ளியைக் கடந்தது.
திரையில் ஒரு நிறம்கூட மாறவில்லை.

அவள் இறங்கியபோது அங்கே ஞாயிறு, விடிகாலை நாலரை.
எனக்கு இன்னும் சனி மதியம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.
அவள் வாழ்க்கையில் அந்தச் சனிக்கிழமை
வரவேயில்லை.
போனில் கேட்டேன்,
நடுக்கடல்ல முழிச்சிருந்தியா?

தூங்கிட்டேம்மா.
சாப்பாடு வந்ததுகூடத் தெரியல.
அப்பா வெளிய நிக்கிறாங்க, வைக்கட்டா?

வை.

மார்ச் இரண்டாம் தேதி வருகிறாள்.
பின்காற்று, பத்து ஐம்பது.
விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்,
அன்றைக்கு வழி போடுவது ஒஸ்வால்தோ.
நான் கீழே, வருகை வாசலில்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
எல்லோரையும்போல
தாமதமா தாமதமா என்று
யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்பேன்.