அடித்து எழுதியது

இரவு பத்தேகால். ஈசூனில்
எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடை.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
முப்பத்தெட்டு விடைத்தாள்களும் எழுந்து உட்காருகின்றன.
தே-ஓ கோசோங் குவளையைத் தூக்கி மேலே வைத்தேன்.
யாருடைய தாளிலோ பழுப்பு வட்டம்.

கேள்வி ஐந்து. நிறுவுக:
n பேரில் r பேரை எடுக்கும் வழிகள்,
ஒருவர் குறைந்த கூட்டத்தில்
r பேரை எடுப்பதும் r−1 பேரை எடுப்பதும்
சேர்ந்ததற்குச் சமம்.
தமிழில் இதற்கு முற்றொருமை என்று பெயர்.
வகுப்பில் சொல்ல வாய்ப்பு வந்ததில்லை.

எல்லாருக்கும் ஒரே பாதை.
தொடர்பெருக்கத்துக்கு ஆச்சரியக்குறி போடுவது வழக்கம்;
பக்கம் பக்கமாய் ஆச்சரியக்குறிகள்,
ஆச்சரியப்பட்டவர் ஒருவரும் இல்லை.
பகுதியைப் பொதுவாக்கியதற்கு ஒன்று,
தொகுதியைக் கூட்டியதற்கு ஒன்று,
சுருக்கியதற்கு ஒன்று,
‘ஆகவே’ என்றதற்கு ஒன்று.
சிவப்புப் பேனா தானாகவே நடக்கிறது.

இருபத்தொன்றாவது, அதீலா.
சமன்பாடே கிடையாது.
காலாங்கில் ஒரு டிராகன் படகு.
துடுப்புப் போட n பேர், இருக்கை r.
ஒருத்தியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்கிறாள்.
அவள் ஏறிய படகுகளுக்கு
மற்றவர்களில் இன்னும் r−1 பேர்.
அவள் ஏறாத படகுகளுக்கு
r பேருமே மற்றவர்கள்.
ஏறியும் ஏறாமலும் ஒருத்தி இருக்க முடியாது.
வேறு படகு இல்லை.
எண்ணி முடிந்தது.

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
கடைசி வரியில், சிறிய எழுத்தில்,
‘அல்லது வேறு முறை’.

தாளை விளக்குக்கு நேரே பிடித்தபோதுதான்
‘ஒருத்தி’க்கு அடியில் இன்னொரு சொல் தெரிந்தது.
நான்.
ஆங்கிலத்தில் அது ஒற்றை எழுத்து,
நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு.
அதை மறைக்க இத்தனை மையா?

‘எடுத்துக்காட்டு நிறுவல் ஆகாது,
பொதுவாகச் சொல்லுங்கள்’ —
போன மாதம் வகுப்பில் சொன்னது நான்தான்.

உணவகத்துப் பலகையில் படகு அணியின் பட்டியல்
வெள்ளிக்கிழமையே ஒட்டியாயிற்று.
குடையை விரித்தபடி அதைத் தாண்டிப் போனேன்.
அவள் எந்தக் கூட்டலில் இருக்கிறாள் என்பது
கணக்குக்குத் தேவையில்லை;
இரண்டையும் சேர்த்தால்தான் அது கணக்கு.
எனக்குத் தேவைப்படுகிறது.

நாலுக்கு நாலு.
ஓரத்தில், சிவப்பில்:
‘முதலில் எழுதியதையே விட்டிருக்கலாம்.
நிறுவல் கெடாது.’

கடைப்பையன் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்தான்.
இன்னும் பதினேழு.