விமானம் போகட்டும்

வியாழன் கடைசிப் பாடவேளை
போன வருடம் வரை என்னுடைய இயற்கணிதம்.
இப்போது அதன் பெயர் 'கேட்டல்'.
கிண்டியில் ஒன்றரை நாள் பயிற்சி,
மதியம் லெமன் சாதம்,
போகும்போது ஒரு கையேடு. அட்டையில்
தலையாட்டும் இரண்டு பொம்மை முகங்கள்.

எட்டாம் வகுப்பு, பி பிரிவு. முப்பத்தேழு பேர்.
ஒருவர் இரண்டு நிமிடம் பேச
மற்றவர் கேட்க வேண்டும்.
அறிவுரை கூடாது. 'எனக்கும் அப்படித்தான்' கூடாது.
கணக்கில் விடையைச் சரிபார்ப்பது போல
கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
'நீ' என்று தொடங்காதே, 'எனக்கு' என்று தொடங்கு.

சர்வேஷின் டிபன் பாக்ஸை
மாடியிலிருந்து எறிந்தவன் கிளாட்வின்.
எதிரெதிரே உட்கார வைத்தேன்.
"எனக்கு..." என்றான் சர்வேஷ்.
"எனக்கு..."
"எனக்கு நீ ஒரு பன்னாடைன்னு தோணுது."
வகுப்பே சிரித்தது. விதிப்படி சரிதான்.
கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.

பொழிச்சலூரில் எங்கள் கூரையை உரசிக்கொண்டுதான்
விமானங்கள் இறங்கும்.
சக்கரம் விரிவதைக்கூடப் பார்க்கலாம்.
ஒவ்வொரு முறையும்
சொல் பாதியில் நிற்கும், சாக்பீஸ் நிற்கும்,
இரைச்சல் தேய்ந்ததும்
விட்ட எழுத்திலிருந்து தொடர்வோம்.
இதற்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

அன்றும் ஒன்று வந்தது.
கிளாட்வின் திறந்த வாயோடு காத்திருந்தான்.
போனதும் சொன்னான்:
"எங்கப்பா கட்டிக் குடுத்த சோத்தப் பாத்து
கோந்துன்னான்."
சர்வேஷ் திருப்பிச் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
வெகுநேரம் ஷூ லேசையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மதிப்பெண் போட்டுப் பழகிய என் விரல்கள்
பேனாவைத் தேடின.

முப்பத்தேழு ஒற்றைப்படை.
மிஞ்சிய ஷாமிலிக்கு ஜோடி நான்.
"நீங்க பேசுங்க மிஸ், நான் கேக்குறேன்."
வாட்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
என் தங்கை என்னோடு பேசி நாலு மாதம் என்றேன்.
ஒரு வளையல் விவகாரம், அவ்வளவுதான் என்றேன்.
இன்னும் ஏதேதோ.
எழுந்துகொள்ளப் பார்த்தேன். அவள் அசையவில்லை,
அவளுடைய முறை பாக்கி இருந்தது.

"உங்க தங்கச்சி பேசி நாலு மாசம்.
ஒரு வளையல்.
நடுவுல மூணு தடவ
பரவால்லன்னு சொன்னீங்க."

பெல் அடித்தது. வாட்ச்சைக் கட்டிக்கொண்டு
ஓடிவிட்டாள், அவளுக்கு ஷேர் ஆட்டோ காத்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்று பம்மலுக்குப் போன் போட்டேன்.
ஆறாவது மணியில் எடுத்தாள்.
நாக்கு பழக்கதோஷத்தில்
"நீ" என்று ஆரம்பித்துவிட்டது.
"நீ..."
அவள் மூச்சை இழுப்பது கேட்டது.
"எனக்கு..." என்றேன்.

போனுக்குள் ஒரு விமானம் இரைந்தது,
அவள் மொட்டைமாடிக்கு மேலே.
நான் நிறுத்திக்கொண்டேன்.
சில நொடிகளில் அதுவே
என் தலைக்கு மேல் வந்தது.
அவள் ஏதோ சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டாள்.

முழுசாகப் போய் முடிகிறவரை
போனை
யாரும் வைக்கவில்லை.