மைதானத்தின் ஆழம்

லென்ஸுக்கு எங்கள் மொழியில் அதஸ.
மசூர்ப் பருப்புக்கும் அதே பேர்தான்.
அடுப்பில் ஒன்று, மேசையில் ஒன்று,
இரண்டும் தீயாமல் பார்க்கிற வேலை எனக்கு.

நாற்பத்து மூன்று பக்கக் கையேடு
வெள்ளிக்குள் ஒசாகா போய்ச் சேரவேண்டும்.
சொல்லுக்கு நாலு சென்ட்,
திரும்ப வரும் சொல்லுக்குக் கூலி கிடையாது.
நூற்றுப் பதினோரு அதஸ,
காசு முதல் ஒன்றுக்கு.
மிச்சமெல்லாம் கொசுறு.

அம்மானில், ல்வைப்தா மேட்டில், மூன்றாம் மாடி.
காஸ் வண்டி தன் பியானோ மெட்டோடு ஏறி வருகிறது.
நான் புஃராவில் நிற்கிறேன்:
ஒளியெல்லாம் வந்து கூடும் புள்ளி.
பழைய பொருள், நெருப்பு மூட்டத் தோண்டிய குழி.
செய்தி வாசிக்கிறவள் தினமும் சொல்கிறாள் அதை,
எங்கே எரிகிறதோ அந்த ஊரின் பேரோடு.
கையேட்டில் அது
"குழி தெளிவானதும்
பொத்தானை முழுக்க அழுத்தவும்" என்று வந்து உட்கார்கிறது.

துளைக்கு ஃபத்ஹா.
முதல் வகுப்பில் எழுத்தின் தலைமேல் இட்ட சாய்கோடும் ஃபத்ஹா,
வாயைத் திற, அ என்று சொல்.
எஃப், ஒரு சாய்கோடு, இரண்டு புள்ளி எட்டு
எங்கள் வலமிருந்து ஓடும் வரியில் விழுந்ததும்
சட்டையை முன்பின்னாய் மாட்டிய பிள்ளைபோல்
திரும்பி நிற்கின்றன.
ஒவ்வொன்றாய்ப் பிடித்து நேராக்கினேன்.
ஐம்பத்தாறு.

நிறப் பிறழ்ச்சிக்கு ஸைக்.
நெஞ்சு தடம் மாறுவதற்கும் அதுதான் சொல்.
ஓரத்தில் கொஞ்சம் ஊதா கசிந்ததற்கா
இத்தனை பெரிய குற்றம்
என்று யோசித்துவிட்டுப் போட்டேன்.

பொக்கேவை எங்கள் லிபியில் எழுதினால் பூச்செண்டு.
"பின்னணியில் மென்மையான பூச்செண்டு கிடைக்கும்."
சரிபார்க்கிற வஹீப் தாத்ரஸ்
கெய்ரோவில், ஷுப்ராவில் இருக்கிறார்,
முகம் பார்த்ததில்லை,
காற்புள்ளிக்கெல்லாம் மல்லுக்கு நிற்பவர்,
பூச்செண்டை விட்டுவைத்தார்.

புல ஆழத்துக்கு நான் எழுதியது மைதானத்தின் ஆழம்.
சிவப்புக் கோடு. பக்கத்தில் மஜால்.
காரணம் இல்லை.
மைதானைத் திரும்ப வைத்தேன்.
அடித்தார்.
மறுபடி வைத்தேன், மூன்று அகராதிகளின் பக்க எண்ணோடு.

இரவு ஒரு மணிக்குக் குரல்செய்தி.
பாதிக்குமேல் ஹாரன் சத்தம்.
"வஜ்தான், உன் அகராதிகள் சரிதான்.
நான் ஒரு மைதானத்துக்குக் கேமராவோடு போனவன்.
வலது கண் அதன் பின்னால் இருந்தது, பிழைத்தது.
மற்றதைச் சும்மா திறந்து வைத்திருந்தேன்.
இப்போது டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன்,
மாடிப்படியில் கடைசிப் படி எனக்கு எப்போதும் ஒன்று கூடுதல்.
மஜால் போடேன்.
அதற்கு இடம் என்றும் பொருள் உண்டே."

தேடு, மாற்று.
இருபத்தாறு இடம், ஒரு நொடி.
சமையலறையிலிருந்து அடிப்பிடித்த வாசனை.

வியாழன் மாலை, அனுப்புமுன் கடைசியாய்ப் புரட்டுகையில்
முப்பத்தோராம் பக்கத்தில் அந்தப் படம்.
வரிசையாய்த் தள்ளித் தள்ளி ஐந்து பேர்,
முன்னால் இருவர் மங்கல், கடைக்கோடி ஆள் மங்கல்,
நடுவில் இருவருக்கு மட்டும் முகம்.
அடியில், படத்தோடு படமாய் உறைந்து,
எந்தத் தேடலுக்கும் அகப்படாமல்
மைதான்.

வஹீப் அதில் கோடு போட்டிருக்கவில்லை.
ஒரு காற்புள்ளியையும் விடாத மனிதர்.
பக்கத்தை மூடி மறுபடி திறந்தேன்.
அந்தச் சொல் இருந்தது
இடது ஓரத்தில்.