தடைக்காலம்

நாளெல்லாம் அரிசி அளக்கிறவள் நான்.
கடலூர் முதுநகர், நியாயவிலைக் கடை,
எடை மெஷினுக்கு இந்தப் பக்கம்.
புருவத்தில், விரலிடுக்கில், தாலிச் சரட்டில்
புழுங்கலரிசித் தூசி.
வாய்க்குள் மட்டும் ஒரு பருக்கை போய்
இரண்டு வருஷம் எட்டு மாசம்.

கீட்டோ என்றான் தம்பி.
குட்டித் தராசு ஒன்றும் வாங்கித் தந்தான்.
காலிஃபிளவரைத் துருவி வேகவைத்துச்
சோறு என்று பெயர் வைத்தேன்.
அது ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.
விருத்தாசலத்து அக்கா அனுப்பிய முந்திரியைப்
பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு
எந்த ஊரிலிருந்தோ கப்பலேறி வந்த பாதாமை
எண்ணி எண்ணி ஊறவைத்தேன்.
நோட்டில் எழுதினேன்:
தக்காளி பாதி, இரண்டு கிராம்.
வெங்காயம், வாசனைக்கு.
கடையில் மூட்டை மூட்டையாய்ப் பிரித்துக் கொட்டிவிட்டு
வீட்டில் கிராமோடு மல்லுக்கட்டு.

சர்க்கரை இறங்கியது.
புடவையில் இரண்டு மடிப்பு கூடியது.
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
வயிறு மட்டும்
பாதாமைச் சுமந்துகொண்டு ராத்திரியெல்லாம் பேசியது.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம்
காலிஃபிளவரோடு விரலையும் துருவிக்கொண்டேன்.
கட்டுப் போட்ட விரலோடு போய்
அஞ்சலாட்சியிடம் ஒரு முழுச் சங்கரா வாங்கினேன்.
உப்பு, மஞ்சள், நெய்.
முள்ளை ஓரங்கட்டி நோட்டைத் திறந்தால்
எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாய்க் கழன்றது.
பாதாம், காலிஃபிளவர், கடைசியில் கீரையும்.
முட்டை வந்தது, ஈரல் வந்தது,
ஆட்டெலும்பு வந்து குக்கரில் பத்து விசில் கத்தியது.
"கொழுப்போட போடுங்க" என்றேன்.
மெஹ்பூப் பாயின் கத்தி நின்றுவிட்டது.
"எடுத்துட்டுதானம்மா போடச் சொல்லுவாங்க?"
தணிகாசலத்துக்கும் பையனுக்கும் உலை,
எனக்குச் சட்டி.
ஒரே அடுப்பில் இரண்டு குடித்தனம்.
உலை கொதிக்கிற வாசனை வரும்போது
கொல்லைப் பக்கம் போய் நிற்பேன்.
துணி காயப்போட.
துணி இல்லாத நாளிலும்.

சித்திரையில் படகுகளைக் கட்டிப்போட்டார்கள்.
அறுபத்தோரு நாள்.
துறைமுகத்தில் காக்காய்களுக்கே வேலையில்லை.
கார்டோடு வந்தாள் அஞ்சலாட்சி.
மெஷினில் ரேகை விழவில்லை.
செதிலுரித்தே தேய்ந்த விரல்.
முந்தானையில் துடைத்து, எச்சில் தொட்டு,
ஐந்தாம் தடவைதான் பச்சை எரிந்தது.
இருபது கிலோ அளந்தேன்.

"அரிசி போடுறவ அரிசி திங்கமாட்டியாமே?"
"ஒத்துக்கலக்கா."
"ம்."
பை வாயைச் சுருக்குப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
"சங்கராவ நான் வாயில வச்சு ரெண்டு வருஷம் இருக்கும்.
வித்தாத்தான காசு.
தலையும் செலவும் எங்களுக்கு.
எம்மீன நீ தின்னுற, உன் அரிசிய நான் தின்னுறேன்.
போ, சரியாப் போச்சு."
கோபமாக இல்லை.
கோபமாகச் சொல்லியிருந்தால்
ஏதாவது பதில் வந்திருக்கும்.
தராசு பூஜ்யத்துக்குத் திரும்பி
அடுத்த கார்டுக்குக் காத்திருந்தது.

வைகாசிக் கடைசியில்
ரயிலடிப் பக்கம் அவளைப் பார்த்தேன்.
அதே அன்னக்கூடை.
உள்ளே பண்ருட்டிப் பலாச்சுளை.
"கடல் பூட்டிக் கெடந்தா மரத்துல புடிக்க வேண்டியதுதான்."
ஒன்றை எடுத்து நீட்டினாள்.
"இது உன் கணக்குல வருமா, வராதா?"
வாங்கினேன்.
முட்டையின் மஞ்சளைவிட மஞ்சள்.
கடித்தபோது காதுவரை இனித்தது.
அப்புறம், கூடை எத்தனை கழுவியும் விடாத
லேசான மீன் வாசனை.

வரும் என்றேன்.
இன்னும் நாலு சுளை,
காகிதத்தில் வேண்டாம், கையிலேயே கொடு.