காலி என்றொரு கட்டம்

ஜனவரி, மூன்றாம் வியாழன். மூடுபனி.
கழுத்தில் என் படம் ஒட்டிய அட்டை,
கோட்டுப் பையில் நாய்களுக்கு நாலு பிஸ்கெட்.
சாந்த்-ஒர்மியே ஊரில் வீடு நூற்றைம்பத்தெட்டு.
ஆள், போன கணக்கில் இருநூற்று மூன்று.
இருநூறுக்குக் கீழே இறங்கினால்
பள்ளியின் இரண்டு வகுப்பில் ஒன்றுக்குப் பூட்டுப் போட
மேலே இருப்பவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.
‘கண்ணைத் திறந்து எண்ணு, கிஸ்லேன்’ என்றார் மேயர்.
கண்ணை மூடிக்கொண்டு எண்ணு என்பது மாதிரிக் கேட்டது.

படிவத்தில் வீட்டுக்கு நாலு கட்டம்.
நிரந்தரக் குடியிருப்பு. இரண்டாம் வீடு. காலி.
கடைசியில், எப்போதாவது.
வேலைக்காக அங்கும் இங்கும் உறங்குகிறவர்களுக்காம்.
எனக்கு இது மூன்றாவது கணக்கெடுப்பு.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடுகூட நான் கிழித்ததில்லை.

முதலில் தேவாலயத்தைச் சுற்றி.
ரொட்டிக்கடையாக இருந்தது: காலி.
விற்பனைக்கு என்ற பலகையில்
தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை
மேற்கு மழை தின்றுவிட்டது.
அடுத்தது ஏழு வாரிசு வீடு.
ஆறு பேர் விற்கலாம் என்கிறார்கள்,
ஏழாமவர் கியூபெக்கில், கடிதத்துக்குப் பதிலில்லை.
கூரையின் ஸ்லேட் கற்கள்தாம்
ஒவ்வொன்றாகத் தெருவில் விழுந்து
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

பாதிரியார் வீட்டை
பெருந்தொற்று வருஷம் நாந்த்திலிருந்து வந்து வாங்கினார்கள்.
இரண்டு குளிர்காலம் தாங்கினார்கள்.
மூன்றாவதற்கு முன் ஆடுகளை விற்க முடிந்தது, வீட்டை முடியவில்லை.

நீல ஜன்னல் டச்சுக்காரர்களுடையது.
ஈஸ்டருக்குத் திறக்கும், காளான் முளைக்குமுன் மூடும்.
புல் வெட்ட ஒரு பையன், நீச்சல்குளத்துக்கு ஒரு போர்வை.
இந்த ஊரில் குளிர்காலத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு
நிம்மதியாகத் தூங்குவது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

ஊர் செத்துப்போயிற்று என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.
மாவட்டச் சாலையோரம், பழைய சோளக்கொல்லையில்
வெண்ணெய் நிறத்தில் ஆறு வீடு, ஒரே அச்சு.
வாசலுக்கு வாசல் டிராம்போலின்.
சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்த
அய்சத்தா துராமே
இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள்.
‘கல்வீடும் பார்த்தோம். அழகு.
அந்த அழகைச் சூடாக்க மாதம் நானூறு யூரோ ஆகுமாம்.’
ஆள் ஐந்து என்று எழுதினேன்.
மை தடையில்லாமல் ஓடியது.

ஆற்றோர ஆலைவீடு. பட்டியலில்: காலி.
புகைபோக்கியில் புகை.
கூரை வேலை செய்கிற இவோன் ஷஸான்யார்
கதவை ஒரு சாண் திறந்து நின்றான்.
உள்ளே ஒரு நாற்காலி, ஒரு வாணலி,
கயிற்றில் காயும் ஒரு ஜோடிக் காலுறை.
‘காலி என்றே போடு.
ஸில்வெத் தன் படிவத்தில் என்னையும் எழுதியிருப்பாள்.’
எழுதித்தான் இருந்தாள். நேற்று வாங்கினேன்.
பெயர், பிறந்த தேதி, தொழில்,
எதிலும் அடித்தல் திருத்தல் இல்லை.
காலி என்று போட்டேன்.
அவன் நாய்க்கு ஒன்றுக்கு இரண்டாக பிஸ்கெட் போட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை, இருட்டியபின் கூட்டிப் பார்த்தேன்.
நூற்றைம்பத்தேழு வீடு.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆள்.
மீதி, மேட்டுத்தெரு பதினொன்று.
அங்கே மின்மீட்டர் வாரத்துக்கு மூன்று இரவுதான் உழைக்கிறது.
மற்ற நாலும் லிமோஜில்,
ரயிலடிக்குப் பின்னால், ஐந்தாம் மாடியில்,
ஒருவரின் இடது பக்கம்.
ஊரில் யாருக்கும் தெரியாது;
ஆகவே எல்லோருக்கும் தெரியும்.

சமையல் மேஜையில் படிவம்.
கணப்பு இன்னும் பிடிக்கவில்லை; கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
தொலைபேசி அடித்தது.
‘எத்தனை?’ என்றார் மேயர்.
‘இன்னும் ஒரு வீடு பாக்கி.’
‘யார் வீட்டில்தான் ஆள் இல்லை?’
‘பூட்டியிருந்தது’ என்றேன்.
‘நாளைக்கு மறுபடி தட்டிப் பார்க்கிறேன்.’