பூட்டியபடி

நாளை பத்து மணிக்குச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.
இன்று மாலை கேமராவைத் தொட்டால்
கறுப்பு. முழுக் கறுப்பு.
அடியில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம்,
எடுக்கவா என்று கேட்டபடி.

செல்லூரில் இரண்டாம் மாடி வீடு.
குடிவந்த அன்றே எடுத்து வைத்த படங்கள் முப்பத்தொன்று:
அடுப்படிச் சுவரின் விரிசல்,
கக்கூஸ் கதவின் உளுத்த கீழ்க்கட்டை,
ஜன்னலில் அப்போதே இல்லாத ஒரு கண்ணாடி.
"பிள்ளைய ஒரு படம் எடுக்கல,
செவத்தப் போயி எடுக்குறாரு" என்றாள் ரதிதேவி.
மூன்று வீட்டு அட்வான்சில் நான் கற்றது
அவளுக்குத் தெரியாது.

கோவர்த்தனன் சார் நாற்பதாயிரத்தில்
வெள்ளைக்கு எட்டு, விரிசலுக்குப் பன்னிரண்டு
என்று பிடித்துக்கொண்டே வருவார்.
அன்றைய படத்துக்குப் பக்கத்தில்
இன்றைய படத்தை வைத்தால்தான் வாயடைபடும்.

மேலமாசி வீதிக் கடையில்
பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.
"ரீசெட் அடிச்சிரலாம்ணே. அஞ்சு நிமிசம்."
படமெல்லாம்?
"போயிரும்."
மழை விட்டிரும் என்பதுபோல் சொன்னான்.
"கூகுள்ல ஏத்தி வைக்கலையா?"
இடம் நிறைந்துவிட்டதென்று ஒரு வருடமாய் அது சொல்கிறது.
ஒரு வருடமாய் நான் ஒதுக்கித் தள்ளுகிறேன்.
போனை வாங்கிக்கொண்டேன்,
பிடுங்கினேன் என்றும் சொல்லலாம்.

டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் படிக்கட்டுக்கு அடியில்
ஓராள் உட்காரும் கடை. ஜெபராணி.
நெற்றியில் விளக்கு. பக்கத்தில்
ஆறி ஆடை கட்டிய பருத்திப்பால்.
"எப்ப விழுந்துச்சு?"
விழவில்லை என்றேன்.
போனின் மூலையை விரலால் தடவினாள்.
விழுந்தது என்றேன்.
பீரோவை இறக்கும்போது, படியில்.

கேட்காமலே நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன்:
நாலு, ஏழு…
"எங்கிட்டச் சொல்லாதீங்க. நீங்களே தெறங்க.
கேமரா ஆப்ப அமுக்கிப் பிடிச்சு
கேச்ச மட்டும் அழிங்க. படத்துக்கு ஒண்ணும் ஆகாது."
அழித்தேன். அணைத்துப் போட்டேன். அதே கறுப்பு.
"அப்ப உள்ளதான். கழட்டணும்.
மொதல்ல இதுல இறக்கிக்கங்க."
ஒரு பென்டிரைவை நீட்டிவிட்டு
தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்
ஒரு பச்சைக் கோட்டில் ஊர்ந்தன.
அவள் ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு
கோவர்த்தனன் சாரிடம் இன்னொரு சாவி உண்டு.
திருமங்கலம் போய்த் திரும்பிய நாளில்
மோட்டார் பார்க்க வந்தேன் என்றார்.
ஃப்ரிட்ஜில் மீன் இருந்ததும்
அவருக்குத் தெரிந்திருந்தது.

"இப்ப பூட்டிக் குடுங்க."
சூடு காட்டி முதுகைப் பிரித்தாள்.
துவரம்பருப்பளவு கண்.
அதன் நாடா அரை மயிரிழை எழும்பியிருந்தது.
துடைத்து, நகத்தால் ஓர் அழுத்து.
சத்தம் கேட்டதா,
கேட்க வேண்டுமென்று நான் நினைத்தேனா, தெரியாது.

பூட்டிய திரையிலேயே கேமரா திறந்தது.
அவள் மேசை வந்தது, வெளிச்சமாய்.
ஒரு படம் எடுத்தாள்.
அதற்கு முந்தைய எதையும்
போன் அவளுக்குக் காட்டவில்லை.
அவளும் தள்ளிப் பார்க்கவில்லை.
"இருநூத்தம்பது.
பென்டிரைவ நாளைக்குக் கொண்டாங்க."

ராத்திரி, காலி வீட்டில்
குரல் திரும்பி வர, ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
கதவு அதேதான். கண்ணாடி அப்போதும் இல்லை.
விரிசல் மட்டும்,
பழைய படத்தில் சுவிட்சுக்குக் கீழே நின்றது,
இப்போது சுவிட்சைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருக்கிறது.
நாங்கள் இருந்தபோதுதான் ஏறியிருக்க வேண்டும்.
நின்று பார்த்தேன்.
அதையும் எடுத்தேன்.

இன்றைய வரிசையில் முதல் படம்
காந்தத் தட்டில் ஆறு திருகாணி,
ஆடை கட்டிய பருத்திப்பால்,
ஓரத்தில் பாதிக் கட்டைவிரல்.
நாளைக்கு சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
கேட்பார்,
இது எந்த ரூம்?