பூஜ்யம் செல்லாது

அந்தப் படத்தில் இருப்பது என் அடுப்பு.
விறகடுப்பு. கறுப்பு இரும்பு, கதவில் சின்னக் கண்ணாடி.
மூன்று குளிர்காலத்துக்கு முன், வீடு மாறும்போது
ஓசோர்னோவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு
எண்ணிப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு விற்றேன்.

ஓரத்தில் தெரியும் சிவப்புச் செருப்பு என்னுடையது.
கண்ணாடிக்குள் முகத்தைக் கேமராவால் மறைத்து நிற்கும்
குள்ள உருவமும் நான்தான்.

இப்போது அது ஒரு கடையில் இருக்கிறது.
கடைக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, பூட்டுச் சின்னம் உண்டு.
மூன்று லட்சம் பெசோ பெறும் அடுப்பு
ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு.
பதினான்கு நிமிடமே பாக்கி என்று ஒரு கடிகாரம் ஓடியது.
தேநீர் போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவினேன்.
பக்கத்தை மறுபடி திறந்தால்
பதினான்கு நிமிடமே பாக்கி.

முகவரியை வரைபடத்தில் தேடினேன்.
காயே-காயே ஆற்றின் நடுவில் போய் நின்றது ஊசி.
கடல்சிங்கங்கள்தான் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.
இருநூறு பேர் புகழ்ந்திருந்தார்கள்,
இருநூறு பேரும் ஒரே செவ்வாய்க்கிழமையில்.
'அளவு கச்சிதம், துவைத்தாலும் சாயம் போகவில்லை'
என்றாள் ஒருத்தி, அடுப்பைப் பற்றி.

புகார் எழுத உட்கார்ந்தேன்.
இழந்த தொகை எவ்வளவு? கேட்டது படிவம்.
பூஜ்யம்.
சிவப்பு எழுத்தில் பதில்: பூஜ்யம் செல்லாது.
ஒன்று என்று போட்டேன்.
எந்த வங்கி, எந்தத் தேதி என்றது.
என்ன சொல்ல?
ஒரு ஜூலை மழைநாளின் சாம்பல் வெளிச்சம்,
என் பழைய தரை, என் இடது கால்,
இவற்றைக் கொண்டுபோய்விட்டார்கள் ஐயா.
விலை தெரியவில்லை.

ஏழாம் நாள் தொலைபேசியில் ஒரு குரல்:
"திருடி! செருப்பைக்கூட ஒளித்துவைக்கத் தெரியவில்லை உனக்கு."

கொயைக்கேயிலிருந்து எலெயுதேரியோ பாரியா.
படத்தைத் துரத்திப் போனவருக்கு
என் பழைய விளம்பரம் அகப்பட்டிருக்கிறது,
அடியில் என் எண்.
திட்டி முடிக்கட்டும் என்று காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
நேரமானது.
பிறகு, அவர்கள் திருடாமல் விட்ட மற்ற நான்கு படங்களை அனுப்பினேன்:
அடுப்பின் முதுகு, புகைக்குழாய், தரையில் தீய்ந்த வட்டம்,
கடைசியில், லாரியில் அதை ஏற்றும் ஓசோர்னோ தம்பதி.

மறுமுனை வெகுநேரம் பேசவில்லை.

"இரண்டு முறை அனுப்பினேன், அம்மா.
இரண்டாவது, லாரிக் கூலி என்றார்கள்.
அனுப்பும்போதே எனக்குத் தெரியும்.
முதலில் போனது மோசம் என்று ஆகிவிடக்கூடாதே என்றுதான்..."

முப்பது வருஷம் எல்லைச் சாவடியில்
ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்த மனிதர்.
மகனுக்கு வங்கியில் வேலை. அவனிடம் சொல்லவில்லை.
வெளியே மைனஸ் ஒன்பது. சமையலறையில் படுத்துக்கொள்கிறார்.

சனிக்கிழமை படிவத்தைத் திறந்தோம்,
அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் தொலைபேசி.
தொகை அவருடையது, படம் என்னுடையது.
வெட்கத்தில் செய்திகளை எல்லாம் அழித்திருந்தார்.
வங்கி அழித்திருக்கவில்லை.
பணம் போன கணக்கு கடையின் பெயரில் இல்லை,
யாரோ ஒரு ஆளின் பெயரில்.
முதலில் மகனைக் கூப்பிடுங்கள் என்றேன்.
இருமினார். கூப்பிட்டார்.

பதினொரு இலக்கத்தில் ஒரு புகார் எண் வந்தது.
இரண்டு முறை படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார்.

பணம் வரவில்லை.
கடை மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது.
அவருக்கு மகன் ஒரு பழைய அடுப்பு கொண்டுவந்தானாம்,
திட்டிக்கொண்டே.

நேற்று விடிகாலை மணி அடித்தது.
"ஓரியெத்தா, உன் செருப்பு மறுபடி வந்திருக்கிறது.
வேறு பெயர். எழுபதாயிரம்.
பதினோரு நிமிடம் பாக்கி என்கிறான்."

"இருங்கள்," என்றேன்,
"பேனா எடுத்து வருகிறேன்."